திறக்காத விதைப்பு

வியாழக்கிழமை மத்தியானம் பிடித்த மழை சனிக்கிழமை விடிந்துதான் விட்டது. ஏரிப் பக்கமிருந்து வரும் மார்ச் மாத மழைக்கு அளவு தெரியாது. வராதவரைக்கும் வானத்தைப் பார்த்துக் கழுத்து வலிக்கும், வந்துவிட்டால் சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறுவதற்குள் ஏரியோரத்துச் சேமேக் கரை முழுக்க மாடுகள் வயலில் இறங்கிவிட்டன. ஏர் ஓட்டுகிறவர்கள் மாட்டை வைகிற சத்தம் கள்ளி வேலிகளைத் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒடெரோ குடும்பத்து வீடுகள் சேர்ந்த வளவில் மட்டும் கலப்பை சுவரில் சாய்ந்தபடி இருந்தது.

தண்ணீர் டின்னைத் தலையிலிருந்து இறக்காமலே மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள் மில்கா.

“அத்தை, எங்க அம்மா வீட்டுப் பக்கம் மழை முந்தியே வந்து, விதை திறந்து நாலு நாளாச்சாம். இப்பத்தான் போன் வந்துச்சு.”

“நல்லதும்மா,” என்றாள் அகேயோ. மடியில் முறத்தை வைத்து, பொடி மீனில் கலந்திருந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கிழக்கு வளவுலயும் திறந்தாச்சு. அந்தப் பெரியவருக்கு எழுபத்தஞ்சு வயசு. கம்பு ஊனித்தான் நடக்குறாரு.”

“நடக்குறதுக்குத்தானே கம்பு. மத்ததுக்கு என்னத்துக்கு?”

மில்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போகவும் செய்தது. “போன வாரம் மாமாவுக்குக் கால் வலின்னு சொன்னீக. அதுக்கு முந்தின வாரம் மழை வரட்டும்னு சொன்னீக. மழை வந்துருச்சு, அத்தை.”

“வந்தது எனக்கும் தெரியுது. என் வீட்டுக் கூரையும் ஒழுகத்தான் செய்யுது.”

மருமகள் போன பிறகு அகேயோ வெகுநேரம் கல்லே இல்லாத மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்து லுவோ சனங்களிடம் இது எழுதாத சட்டம். வளவின் தலைவனும் அவன் மூத்த மனைவியும் ஓர் இரவு கூடியிருந்து, விடியலில் எழுந்து முதல் விதையை மண்ணில் போட வேண்டும். அதைத்தான் விதை திறப்பது என்பார்கள். அப்பன் திறந்த பிறகு மகன் தன் மனைவியோடு அதே மாதிரி திறப்பான். முறை தப்பி எவனாவது முந்தினால் சிரா பிடிக்கும். சிரா என்றால் ஆள் காரணமில்லாமல் உருகிப் போவது. முந்தினவனைப் பிடிக்கலாம், அவன் அப்பனைப் பிடிக்கலாம், ஒன்றும் அறியாத குழந்தையையும் பிடிக்கலாம். இதெல்லாம் பிசாசு வேலை என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் பாதிரியார் பிரசங்கம் பண்ணுவார். அவரும் தன் அப்பா விதைத்த மறுநாள்தான் தன் நிலத்தில் கால் வைப்பார்.

ஒடெரோவால் முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான். மூன்று வருஷமாக முடியவில்லை.

சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதலில் தாகம், பிறகு பாதத்தில் எரிச்சல், பிறகு பாதம் இருப்பதே தெரியாத மரப்பு. அதன் பின்னால் இதுவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆரம்பத்தில் அலுப்பு என்றார்கள். ஏரியில் மீன் வலை இழுத்துவிட்டு வந்தவனுக்கு அலுப்பில்லாமல் இருக்குமா? ஒரு நாள் அலுப்பு ஒரு மாதமானது, ஒரு மாதம் ஒரு வருஷமானது. பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார். அகேயோ கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு வலிக்கும் என்று நினைத்தாள். கேட்காததும் அவருக்கு வலித்தது என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

படகுத்துறையில் மீன் வாங்க வரும் எவளிடமோ அவர் போகிறார் என்று முதல் வருஷத்தில் ஓர் உறவுக்காரி வந்து ஓதினாள். அகேயோ அதை நம்ப ஆசைப்பட்டாள். வேறொருத்தியிடம் போகிறவனையாவது சண்டை போட்டு இழுத்து வரலாம். அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில் ஆசை இருக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை, இருக்கிறதா என்று கேட்க ஓர் ஆளும் இல்லை.

முதல் இரண்டு விதைப்புக்கும் ஏதோ தெய்வாதீனமாக, அரையும் குறையுமாக, கூடினோம் என்று சொல்லிக்கொள்ளும்படி நடந்தது. போன வருஷம் அதுவும் இல்லை. மகன் சகரியா தினமும் வாசலில் வந்து மழையைப் பற்றியே பேசினான். நாலாவது நாள் விடியலில் ஒடெரோ எழுந்து, மனைவியின் முகத்தைப் பார்க்காமல், “விதையை எடு,” என்றார். அவள் எடுத்தாள். இரண்டு பேரும் போய்ப் பொய்யாக விதை திறந்தார்கள். வயல் நன்றாகத்தான் விளைந்தது.

கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் சகரியாவின் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. பெரில் என்று பெயர். கோழியை விரட்டிக்கொண்டு எந்நேரமும் பாட்டி வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் ஓடும். முதல் இரண்டு நாள் மன்யாசி வேர் காய்ச்சிக் கொடுத்தார்கள். முறை தப்பினதற்குக் கொடுக்கும் மருந்து அது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசலிலேயே போய்விட்டது.

அதிலிருந்து ஒடெரோ அந்த வருஷத்துச் சோளத்தைத் தொடவில்லை. சோளக் களி கிண்டிய வீட்டில் அவருக்கு மட்டும் மரவள்ளிக்கிழங்கு. சர்க்கரைக்கு நல்லதென்று ஊரில் சொன்னார். ஆஸ்பத்திரியில் கிழங்கு கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். அகேயோவுக்கு எல்லாம் தெரியும், அதனால் கிழங்கை அவித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் அவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

“இன்னொருக்க பொய்யா திறக்க மாட்டேன், ஊயோமாக்காரி. ஒரு உசுரு போதும்.”

கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷம் ஆகியும் அவள் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கோபமென்றாலும் கொஞ்சலென்றாலும் ஊயோமாக்காரிதான்.

புதன்கிழமை காலையில் மாட்டுப் பட்டிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அகேயோ போய்ப் பார்த்தபோது சாணியில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு சில்லென்று வேர்த்திருந்தது. கன்று ஒன்று அவர் சட்டையை நக்கிக்கொண்டிருந்தது.

“சகரியாவோட அய்யா! இங்க பாருங்க, என்னைப் பாருங்க.”

“கத்தாத. ஊரைக் கூட்டாத,” என்றார். நாக்கு குழறியது. “நெஞ்சு பிடிச்ச மாதிரி இருந்துச்சு. நாக்குக்கு அடியில நெஞ்சு மாத்திரையை வெச்சேன். அதுக்கப்புறம் தரை சுத்துச்சு.”

தூக்கி உட்கார வைத்தபோது சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது. உள்ளே பழுப்பு நிறப் பொடி, பாதி காலி. செவ்வாய்ச் சந்தையில் வண்டியின் மேல் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டு ஒருவன் கத்துவானே, பல்வலி, மூலம், பரீட்சையில் தேறாதது, ஆண்மைக் குறைவு எல்லாவற்றுக்கும் ஒரே வேர் என்று. அவனுடைய பொட்டலம்.

அகேயோ அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம் முந்திக்கொண்டது.

“இதை வாங்க வெக்கமா இல்ல, என்கிட்ட பேசத்தான் வெக்கமா?”

“அவன் முகம் எனக்குத் தெரியாது. என் முகம் அவனுக்குத் தெரியாது. அதனால வாங்கிட்டேன்.”

“செத்துப் போயிருப்பீக.”

“செத்திருந்தா என்ன? விதைக்காம கிடக்குற நிலத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டாம்.”

அவள் வாயில் வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிவிட்டு, வாடகைக்குப் பைக் ஓட்டுகிற பைக்காரனுக்குப் போன் போட்டாள். ஓட்டுகிறவன் முன்னால், ஒடெரோ நடுவில், அவர் விழாமல் இறுக்கிப் பிடித்தபடி அவள் பின்னால். செம்மண் பாதையெல்லாம் சேறு. இரண்டு பக்கமும் சனங்கள் குனிந்து விதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்து, “எங்க போறீக, விதைக்கலையா?” என்று கேட்டாள். அகேயோ கையை மட்டும் ஆட்டினாள். வெகுநாளைக்குப் பிறகு அவர் முதுகில் முகத்தை வைத்திருந்தாள். அதற்கு அவர் சாணியில் விழ வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பெஞ்சு நிறையக் கூட்டம். முறை வந்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அவளும் லுவோதான், பேச்சைக் கேட்டால் கெம் பக்கத்துக்காரி. ஒடெரோவுக்கு அவளைப் பார்த்ததும் வாய் கட்டிப்போனது.

“என்ன செய்யுது பெரியவரே?”

“காலு.”

“காலுக்கு என்ன?”

“மரத்துப் போகுது.”

“காலு மரத்தா சட்டையெல்லாம் சாணியா இருக்கு?”

அவர் கூரைத் தகட்டை அண்ணாந்து பார்த்தார். அகேயோ பொட்டலத்தை மேசை மேல் வைத்தாள்.

“தாயி, இவுகளுக்கு ஆம்பளை உடம்பு எந்திரிக்கல. மூணு வருசம் ஆச்சு. அதுக்காக இதைத் தின்னாக. நெஞ்சு வலிச்சுது, நாக்குக்கு அடியில மாத்திரை வெச்சாக, விழுந்துட்டாக.”

சொல்லி முடித்ததும் தன் குரலா இது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒடெரோ கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

“திடீர்னு வந்துச்சா, கொஞ்சங்கொஞ்சமாவா?”

“கொஞ்சங்கொஞ்சமா,” என்றாள் அகேயோ.

“அவர் சொல்லட்டும்மா. பெரியவரே, காலையில தூங்கி எந்திரிக்கும்போதாவது தானா விறைக்குதா?”

“இல்ல,” என்றார் கண்ணைத் திறக்காமல். “அதுவும் இல்ல.”

“சிகரெட்டு?”

“துறையில ரெண்டு மூணு.”

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இரத்த அழுத்தம் பார்த்தாள். அவர் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் மேசையில் பரப்பச் சொன்னாள். பிறகு பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு அப்பால் தள்ளி வைத்தாள்.

“வேருன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. உள்ள ஆம்பளை மாத்திரையைப் பொடிச்சுக் கலக்குறவங்க நிறைய. இதுலயும் அதுதான் இருக்கும்னு நினைக்கிறேன். அந்த மாத்திரையும் நாக்குக்கு அடியில வெக்கிற நெஞ்சு மாத்திரையும் ஒரே உடம்புல சேந்தா ரத்த அழுத்தம் கிணத்துல கல்லு விழுற மாதிரி விழும். நீங்க பிழைச்சது புண்ணியம். இனிமே கடையில வித்தாலும் சரி, சிநேகிதன் கொடுத்தாலும் சரி, தொடக் கூடாது.”

“அப்ப எனக்கு மருந்தே இல்லையா?” அப்போதுதான் ஒடெரோ அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஏன் இல்லாம? கேளுங்க. இது சாபமும் இல்ல, செய்வினையும் இல்ல. சர்க்கரை ரத்தக் குழாயை அடைக்கும், நரம்பை அரிக்கும். உங்க பாதத்துல என்ன பண்ணிச்சோ அதையேதான் அங்கயும் பண்ணியிருக்கு. சர்க்கரை இருக்குற ஆம்பளைங்கள்ல ரெண்டு பேருக்கு ஒருத்தர் இதே கதைதான். ஒருத்தரும் வாயைத் திறக்கிறதில்ல. முதல்ல சர்க்கரை இறங்கணும், சிகரெட்டு நிக்கணும். உங்க அழுத்த மாத்திரையில ஒண்ணு இதுக்கு ஆகாது, அதை நான் மாத்தித் தாறேன், நீங்களா நிறுத்திறாதீக. கிசுமுல பெரிய ஆஸ்பத்திரியில காத்தை உறிஞ்சுற குழாய்க் கருவி ஒண்ணு இருக்கு. ரத்தத்தை அதுவே இழுத்துக் கொண்டு வரும், நெஞ்சுக்குத் தொந்தரவு இல்ல. ஊசியும் இருக்கு. அங்க எழுதித் தாறேன். ரெண்டு பேரும் சேர்ந்து போங்க.”

“எம்புட்டு நாளாகும்?”

“சர்க்கரை இறங்க மூணு மாசமாவது. கிசுமுல பாக்க அடுத்த மாசம்தான் நாள் கிடைக்கும்.”

ஒடெரோ சிரித்தார். அழுவதைவிட மோசமான சிரிப்பு. “மழைக்குச் சொல்லி வெக்கிறேன் தாயி, மூணு மாசம் பொறுன்னு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். “விதை இன்னும் திறக்கலையா?” என்று மெதுவாகக் கேட்டாள். ஒடெரோ மேசையில் கிடந்த மாத்திரைகளைப் பொறுக்கிப் பையில் போட்டார். “எங்க வீட்டுலயும் எங்க அப்பா திறந்துதான் அண்ணன்மாரு விதைப்பாங்க. எனக்குப் புரியுது. ஆனா அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.”

எழுந்து வாசல் வரை போன அகேயோ திரும்பி வந்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டாள். “தாயி, போன வருசம் எங்க பேத்தி. ரெண்டு வயசு. இங்கதான் தூக்கிட்டு வந்தோம்.”

டாக்டரம்மா பதிவு நோட்டைப் புரட்டித் தேடினாள். “கொசுக் காய்ச்சல். மூளைக்கு ஏறியிருக்கு. மூணாம் நாள்னு போட்டிருக்கு.” நோட்டை மூடினாள். “முதல் நாளே வந்திருந்தா ஊசி போட்டிருப்போம்மா. பெரும்பாலும் பிழைச்சிருக்கும்.”

திரும்பும் வழியில் பைக்கில் அகேயோ அந்த இரண்டு நாளை எண்ணிக்கொண்டே வந்தாள். அந்த இரண்டு நாளும் மன்யாசி கொடுத்தது ஏன்? சகரியாதான் முதல் நாள் ஓடிப் போய் வேர் கொண்டு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மில்கா கேட்டபோது ஒடெரோ, “முதல்ல இதைக் கொடுத்துப் பாக்கலாம்,” என்றார். அவளும் தலையாட்டினாள். பொய்யாக விதை திறந்தவர்கள் இரண்டு பேரும் மனசுக்குள் இது சிராதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதை வெளியே சொல்லவும் முடியவில்லை. சொல்லியிருந்தால் யாராவது, போங்கடா பைத்தியக்காரர்களா, பிள்ளையைத் தூக்குங்கள் என்று சொல்லியிருப்பார்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவரின் தோள் குலுங்கியது. அவரும் அதையேதான் எண்ணிக்கொண்டு வந்தார்.

வளவு வாசலில் சகரியா இரவல் மாட்டோடு நின்றுகொண்டிருந்தான். நாலு மாடு, நுகத்தடியோடு. மில்கா சமையல் கொட்டகை ஓரத்தில் கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அய்யா, உடம்பு எப்படி இருக்கு?” என்றான். பதிலுக்கு நிற்கவில்லை. “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாட்டைத் திருப்பி விடணும். இதுக்கப்புறம் எனக்கு மாடு கொடுக்க ஆளில்ல. ஈரம் காயுது. நீங்க திறக்கப் போறீகளா இல்லையா? ஊர்ல என்னையப் பாத்துச் சிரிக்கிறான்க. உங்க அப்பனும் ஆத்தாளும் கோவிச்சுக்கிட்டுப் படுத்திருக்காகளாடான்னு கேக்குறான்க.”

ஒடெரோ முக்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மாடுகளையே பார்த்தார்.

“நீ விதைச்சிரு.”

“என்ன?”

“நான் சொல்றேன்ல. எனக்காக நிக்க வேண்டாம். நாளைக்குக் காலையில ஏரைப் பூட்டி நீயே விதை.”

சகரியா ஓரடி பின்வாங்கினான். மகன் முந்தினால் அப்பன் சாவான் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்பன் சொல்கிறார் என்பது அகேயோவுக்கு உடனே புரிந்தது. காலையில் சாணியில் பாதியில் நின்ற சாவை இப்போது மகன் கையால் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்.

“அதெல்லாம் நடக்காது,” என்றாள். “சகரியா, இப்படி வா. உங்க அய்யாவுக்கு உடம்பு ஒத்துழைக்கல. சர்க்கரை தின்னுருச்சு. மூணு வருசம் ஆச்சு. கோவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போன வருசம் நாங்க திறந்தது பொய். ஒண்ணும் நடக்காமலே எந்திரிச்சுப் போய் விதையைப் போட்டோம்.”

மாமனாரின் படுக்கை விஷயம் மருமகள் காதில் விழக் கூடாது. மில்கா முதுகைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கத்தி நின்றுவிட்டது.

“போன வருசமா?” என்றான் சகரியா.

“போன வருசம்தான். பெரில் போனதுலருந்து இவுக அதைச் சுமந்துக்கிட்டுத் திரியிறாக. அதனாலதான் இந்த வருசம் திறக்கல.”

சகரியா கயிற்றை விட்டுவிட்டான். மாடுகள் வேலியோரத்துப் புல்லுக்கு நகர்ந்தன. அவன் தரையில் குத்த வைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“அய்யா, நீங்க திறக்குறதுக்கு ரெண்டு நாள் முந்தியே நான் கீழ்க் காட்டை விதைச்சுட்டேன். அப்பவும் மாடு இரவல்தான். வேலிக்கு அந்தப் பக்கம்தானே, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். பிள்ளைக்கு மேலு சுட்டதும் எனக்கு ஈரக்குலை அறுந்து போச்சு. அதான் ஆஸ்பத்திரிக்குப் போகாம வேருக்கு ஓடினேன்.”

மில்கா முதுகைத் திருப்பியபடியே பேசினாள். குரல் தெளிவாக இருந்தது.

“ஏர் பிடிச்சதுதான் அவரு, அத்தை. விதை போட்டது நான். சாலுக்குள்ள நான்தான் ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே போனேன். பெரிலை முதுகுல கட்டியிருந்தேன். அவ முதுகுல இருந்து கையை நீட்டி விதை கேட்டா. அவ கையிலயும் நாலு கொடுத்தேன். போட்டா.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஒம்பது மாசமா நான்தான் கொன்னேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். இப்ப நீங்க உங்களதுன்னு சொல்றீக. எதுதான் அவளைக் கொண்டு போச்சு? யாராவது ஒருத்தர் சரியாச் சொல்லுங்க.”

அகேயோவின் நாக்கு நுனியில் பதில் இருந்தது. கொசு. இரண்டு நாள். முதல் நாளே போயிருந்தால் பிழைத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்ட ஒரே ஆள் நீதான், எங்கள் மானத்துக்குப் பயந்து நாங்கள்தான் உன்னை நிறுத்தினோம். நிஜம் அதுதான். அதைக் கேட்டால் இந்தப் பெண் உயிரோடு இருக்கும் வரை அந்த இரண்டு நாளையே திரும்பத் திரும்ப வாழ்வாள்.

ஒடெரோ எழுந்து நின்றார். மருமகளுக்குப் பக்கத்தில் போக அவருக்கு உரிமை இல்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

“என்னோடதும்மா. வளவுக்குத் தலைவன் நான். நான் திறந்தது பொய்யின்னா அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் யாரு என்ன பண்ணியிருந்தாலும் என் கணக்குலதான் சேரும். அதான் முறை. பெரியவங்க யாரை வேணும்னாலும் கேளு. உன் கையில ஒண்ணும் இல்ல. அவன் கையிலயும் இல்ல. என் மேல போட்டுரு.”

மில்கா அப்போதுதான் திரும்பினாள். மாமனார் முகத்தை மருமகள் நேருக்கு நேர் பார்க்கும் வழக்கம் இல்லை, பார்த்தாள்.

“சரி மாமா,” என்றாள்.

பிறகு அழ ஆரம்பித்தாள். குழந்தையைப் புதைத்த அன்று அவள் அழவில்லை, ஊரே அதைப் பேசியது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள். கொன்றவளுக்கு அழ என்ன உரிமை என்று அவள் நினைத்திருக்கிறாள். அகேயோ ஓடிப் போய்க் கீரையும் கத்தியும் சிதற அவளைக் கட்டிக்கொண்டாள். சகரியா வேலிப் பக்கம் போய் மாட்டைப் பிடிக்கிற பாவனையில் நின்றான்.

மறுநாள் காலையில் நாலு பேரும் ஒரே வரிசையாக வயலில் நின்றார்கள். யார் முந்தி, யார் பிந்தி என்ற பேச்சு வேண்டாம், ஒரே நேரத்தில் போடுவோம் என்று ஒடெரோதான் சொன்னார். அப்படி ஒரு முறை அந்தக் கரையில் எங்கும் கிடையாது. வேலிக்கு மேல் தலை தூக்கிப் பார்த்த ஆட்களுக்குப் புறம் பேச அந்த வருஷம் முழுக்க அது போதும். மில்கா விதைக் கூடையைக் கையில் வாங்கினாள், பிறகு கீழே வைத்துவிட்டாள். “என்னால முடியல அத்தை,” என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மூன்று பேரும் குனிந்து போட்டார்கள்.

மகன் ஏரைத் திருப்பிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனதும் அகேயோ புருஷனுக்குப் பக்கத்தில் வந்தாள். அவர் காலால் மண்ணைத் தள்ளி விதையை மூடிக்கொண்டிருந்தார். மரத்த கால், மண்ணின் ஈரம் தெரிந்திருக்காது.

“டாக்டரம்மா சொன்னதை நீங்களும் கேட்டீகளே,” என்றாள்.

“கேட்டேன்.”

“பிறகு ஏன் சிரான்னு தலையில போட்டுக்கிட்டீக? மறுபடியும் ஒரு பொய்.”

“போன வருசம் சொன்னது என் மானத்துக்காக. இது மருமகளுக்காக. சிரான்னா என்னோட போகும். ரெண்டு நாளுன்னு சொன்னா அவ வயித்துலயே கிடக்கும்.” குனிந்து அடுத்த குழியைப் பார்த்தார். “அந்த ரெண்டு நாளை நீ வாயால சொல்லிறாத.”

“சொல்லல.”

“நாம ரெண்டு பேரும் வெச்சுக்குவோம்.”

அவள் தலையாட்டினாள். முப்பத்தி நாலு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து சுமந்த எதுவும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. ஒரு சால் முடியும் வரை விதைத்தார்கள். முடிந்ததும் அவள் தலைத் துணியின் முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள்.

“அடுத்த மாசம் பதினொண்ணாந் தேதி கிசுமு போகணும். பைக்காரன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

ஒடெரோ காகிதத்தைப் பார்த்தார், விதைத்த நிலத்தைப் பார்த்தார்.

“இனி எதுக்கு? அதான் விதைச்சாச்சே. ஊருக்கும் தெரிஞ்சு போச்சு. இனி அந்த உடம்பு யாருக்கு வேணும்?”

அகேயோ காகிதத்தை மறுபடியும் முடிந்துகொண்டாள். கூடையை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

“எனக்கு,” என்றாள்.

அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். அவள் அடுத்த சாலில் பாதி தூரம் போயிருந்தாள்.